கழுத்துச் சிரைகளும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும்: ஒரு கருதுகோள் சோதிக்கப்பட்ட வரலாறு

2009ஆம் ஆண்டில், இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரத்தநாள அறுவை மருத்துவர் பாவ்லோ சாம்போனி ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் கழுத்திலும் மார்பிலும் உள்ள சிரைகள் குறுகியிருப்பதால், மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் இரத்தம் சரிவர வடிவதில்லை என்று அதில் அவர் அறிவித்தார். 65 நோயாளிகளையும், ஒப்பீட்டுக்காக வேறு 235 பேரையும், ஒலியலைகளால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டால் சோதித்ததில், தாம் வகுத்த அளவுகோலின்படி இந்தக் கோளாறு நோயாளிகள் அனைவரிடமும் இருந்தது, மற்றவர்களில் ஒருவரிடமும் இல்லை என்பது அவர் தந்த கணக்கு. நான்கு ஆண்டுகள் கழித்து அதே இத்தாலியில், அதே அளவுகோலை வைத்து 1,165 நோயாளிகளைச் சோதித்தபோது 3.26 சதவீதத்தினரிடம் மட்டுமே கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. நூறு எப்படி மூன்று ஆயிற்று என்பதையும், அந்த இடைவெளிக்குள் ஆயிரக்கணக்கான நோயாளிகள் ஏன் கடல் கடந்து போய்ச் சிரைகளை விரித்துக்கொண்டார்கள் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயும் கருதுகோளும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடலின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றுக்குள் புகுந்து, நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையைச் சிதைக்கின்றன. சிதைவு எந்த இடத்தில் நேர்கிறதோ அதற்கேற்ப அறிகுறிகள் மாறும்: ஒரு கண்ணில் பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும், எவ்வளவு உறங்கினாலும் தீராத அசதி உடலை அழுத்தும். நோய் பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகத் தொடங்குகிறது. பெரும்பான்மையோருக்கு முதலில் அது தாக்குதல்களாக வரும். சில நாள் அல்லது சில வாரம் முற்றி, தானாகவே தணிந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடி தலைகாட்டும். சிகிச்சை எதுவும் இல்லாமலே இந்தத் தணிவு நேரக்கூடும் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த பலவற்றை விளக்கும் திறவுகோல் அதில் இருக்கிறது.

சாம்போனி நரம்பியல் மருத்துவர் அல்லர். கால் சிரை நோய்களில் தேர்ந்தவர். கால் சிரைகளின் வால்வுகள் பழுதுபட்டு இரத்தம் தேங்கும்போது, சிவப்பணுக்கள் நாளத்தை விட்டு வெளியே கசிந்து உடைகின்றன. அவற்றிலிருக்கும் இரும்பு கணுக்காலைச் சுற்றித் தோலில் பழுப்பாகப் படிந்து, அழற்சியைத் தூண்டி, ஆறாத புண்ணுக்கு இட்டுச்செல்கிறது. 1995இல் அவருடைய மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருப்பது கண்டறியப்பட்டது. அதன்பின் அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்த அவர், நோயாளிகளின் மூளையில் சிரைகளைச் சுற்றி இரும்பு படிந்திருப்பதாக வந்த செய்திகளைக் கண்டு, காலில் நடப்பதே தலையிலும் நடக்கிறதோ என்று கேட்டார். கேட்டதில் பிழை ஏதும் இல்லை. தம் துறையில் கண்ணாரக் கண்ட ஒன்றை அடுத்த துறையின் புதிரோடு பொருத்திப் பார்ப்பது அறிவியலில் நல்ல வழக்கம்தான்.

அந்தக் கேள்விக்கு முன்னோடிகளும் இருந்தார்கள். 1863இலேயே ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் எடுவார்ட் ரிண்ட்ஃபிளைஷ், இந்நோயில் மூளையில் காணப்படும் தழும்புத் திட்டுகளின் நடுவே ஓர் இரத்தநாளம் ஓடுவதைக் குறிப்பிட்டிருந்தார். 1930களில் அமெரிக்க நரம்பியலாளர் டிரேசி புட்னம், நாய்களின் மூளைச் சிரைகளை அடைத்துப் பார்த்து, அதனால் மையலின் சிதைவு உண்டாவதாகக் கருதினார். அதன் தொடர்ச்சியாக நோயாளிகளுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் கொடுத்துப் பார்க்கப்பட்டன, நிலைத்த பயன் கிட்டவில்லை. நோயெதிர்ப்பு மண்டலத்தின் பங்கு தெளிவாகத் தெரியத் தெரிய, சிரை பற்றிய சிந்தனை ஓரமாக ஒதுங்கியது.

கழுத்தில் வைத்த கருவி

சாம்போனி தாம் கண்டதாகக் கருதிய நிலைக்கு நாட்பட்ட மூளை-தண்டுவடச் சிரைக் குறைபாடு என்று பொருள்படும் பெயரைச் சூட்டி, அதைக் கண்டறிய ஐந்து அடையாளங்களை வகுத்தார். கழுத்துச் சிரையிலோ முதுகெலும்பை ஒட்டிய சிரையிலோ இரத்தம் பின்னோக்கிப் பாய்தல், மூளையின் ஆழ்சிரைகளில் பின்னோக்கிப் பாய்தல், கழுத்துச் சிரை குறுகியிருப்பது படத்தில் தெரிதல், சிரையில் ஓட்டமே பிடிபடாமை, உட்காரும்போதும் படுக்கும்போதும் சிரையின் அகலம் இயல்புக்கு மாறாக மாறுதல் ஆகியவையே அவை. இந்த ஐந்தில் ஏதேனும் இரண்டு இருந்தால் குறைபாடு உண்டு என்று முடிவுசெய்யலாம்.

இந்த நிகழ்வின் முடிச்சு இந்தச் சோதனை மேசையில்தான் விழுந்தது என்பது என் கணிப்பு. ஆகவே சோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்ப்பது நல்லது. கழுத்துச் சிரையின் சுவர் தமனியின் சுவரைப்போல் தடித்ததன்று. மெல்லியது, மிகக் குறைந்த அழுத்தத்தில் இயங்குவது. படுத்திருக்கும்போது மூளையின் இரத்தம் பெரும்பாலும் அதன் வழியே இறங்கும். எழுந்து உட்கார்ந்தாலோ, யாருக்கானாலும் அது தட்டையாகிச் சுருங்கிவிடும். இரத்தம் முதுகெலும்பை ஒட்டிய சிரைகளின் வழியே வேறு பாதை பிடித்துக்கொள்ளும். மூச்சை இழுத்தால் சிரை ஒடுங்கும், அடக்கினால் புடைக்கும். தலையை ஒரு பக்கம் திருப்பினால் வடிவம் மாறும். அன்று தண்ணீர் குறைவாகக் குடித்தவரிடம் அது இன்னும் மெலிந்து தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதிப்பவர் பசை தடவிய கருவியைக் கழுத்தில் சற்றே அழுத்தினாலும் சிரை அதன் கீழ் நசுங்கி, திரையில் குறுகலாகவே தெரியும். இத்தனை அசைவுகளுக்கு நடுவே, எந்தக் கணத்துப் படத்தை நிறுத்தி அளப்பது என்பதைக் கருவி முடிவுசெய்வதில்லை. கருவியைப் பிடித்திருக்கும் கை முடிவுசெய்கிறது.

அந்தக் கைக்கு உரியவர், எதிரே படுத்திருப்பவர் நோயாளியா இல்லையா என்பதை அறிந்திருந்தால் என்ன ஆகும்? வேண்டுமென்று யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நோயாளி என்று தெரிந்தவரிடம் குறுகல் தெரியாவிட்டால் இன்னொரு கோணத்தில் தேடத் தோன்றும். நலமானவரிடம் தெரிந்தால் கை அழுத்திவிட்டதோ என்று திரும்ப எடுக்கத் தோன்றும். தள்ளாடி நடந்து வந்து படுக்கும் ஒருவரின் நோயை, சோதிப்பவரின் கண்ணிலிருந்து மறைப்பதும் எளிதன்று. இதனால்தான் பிந்தைய ஆய்வுகளில் படங்களைப் பதிவுசெய்து, நோயாளியைப் பார்த்தே இராத வேறு நிபுணர்களிடம் அனுப்பி மதிப்பிடச் செய்தார்கள். கண்டறியும் சோதனை ஒன்று முதல் முயற்சியிலேயே நூற்றுக்கு நூறு சரியாக இருப்பதாக எழுதப்பட்டால், அந்த முழுமையே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். அடிபட்டால் எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முறிவைக்கூட அத்தனை துல்லியமாக யாரும் சொல்லிவிடுவதில்லை.

அதே 2009இன் இறுதியில் சிகிச்சை பற்றிய கட்டுரையும் வந்தது. தொடையிலுள்ள சிரையின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, குறுகிய இடத்தில் பலூனை ஊதி விரிக்கும் முறையை 65 பேரிடம் செய்து, பதினெட்டு மாதம் கவனித்ததில், விட்டுவிட்டு வரும் வகை நோயுடையவர்களில் தாக்குதல் இல்லாமல் இருந்தோர் 27 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்ததாக அவர் தெரிவித்தார். விரித்த கழுத்துச் சிரைகளில் 47 சதவீதம் மறுபடி குறுகிக்கொண்டதையும் அவரே எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை செய்துகொள்ளாத குழு எதுவும் அந்த ஆய்வில் இல்லை. தானாகவே தணியும் இயல்புள்ள ஒரு நோயில், அதுவும் தொல்லை முற்றியிருக்கும் நேரத்தில் சிகிச்சைக்கு வருவோரிடையே, இத்தகைய உயர்வை எதற்கும் சான்றாகக் கொள்ள இயலாது. சீரான ஒப்பீட்டு ஆய்வு தேவை என்று அந்தக் கட்டுரையும் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த வரிகளைப் படித்தவர்கள் குறைவு.

கனடா

உலகிலேயே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அதிகமாகக் காணப்படும் நாடுகளில் கனடாவும் ஒன்று. 2009 நவம்பர் 21 அன்று அந்நாட்டின் சி.டி.வி. தொலைக்காட்சி இந்தச் சிகிச்சையைப் பற்றி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. குழாய் அடைத்தால் தண்ணீர் எதிர்த்து வரும், அடைப்பை எடுத்தால் சரியாகும் என்ற அளவுக்கு விளக்கம் எளிமையாக இருந்தது. மனைவியின் நோய்க்கு மருந்து தேடிய மருத்துவரின் கதையும் அதோடு சேர்ந்துகொண்டது. சில நாட்களிலேயே நோயாளிகள் சமூக வலைத்தளங்களில் குழுக்களாகத் திரண்டு, தங்கள் மாகாணத்தில் இந்தச் சிகிச்சையைத் தரவேண்டும் என்று கோரத் தொடங்கினார்கள். விடுதலைச் சிகிச்சை என்றே அதை அழைத்தார்கள்.

அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அன்று கிடைத்த மருந்துகளில் பல ஊசிகள். தாக்குதல்களைக் குறைத்தனவே தவிர நோயை நிறுத்தவில்லை. நோய் படிப்படியாக முற்றிக்கொண்டே போகும் வகையினருக்கு ஏறத்தாழ எதுவுமே இல்லை. சக்கர நாற்காலியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், ‘சிறுநீரகச் சிரையோ கால் சிரையோ குறுகினால் விரிக்கிறீர்கள், என் கழுத்துச் சிரையை விரிக்க மட்டும் ஏன் பத்து ஆண்டுகள் ஆய்வு வேண்டும்?’ என்று கேட்டால், பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். நரம்பியல் மருத்துவர்கள் சிலர் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. கேட்பதையே அறியாமையாகக் கருதிய அவர்களுடைய தொனி, மருந்து நிறுவனங்களுக்காகத்தான் மறுக்கிறார்கள் என்ற ஐயத்தை நோயாளிகளிடையே வளர்த்தது. மருத்துவர்கள் சொன்னது சரி என்று பின்னால் தெரிந்தது. சொன்ன விதத்தால் நேர்ந்த சேதத்தை அது ஈடுசெய்யவில்லை.

உள்நாட்டில் மறுக்கப்பட்டவர்கள் போலந்து, பல்கேரியா, மெக்சிகோ, கோஸ்டாரிகா, இந்தியா ஆகிய நாடுகளின் தனியார் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். சிலர் கடன் வாங்கினார்கள், சிலருக்காக ஊரார் நிதி திரட்டினார்கள். சில இடங்களில் பலூனோடு நிற்காமல், நாளம் மறுபடி சுருங்காமல் தாங்கி நிற்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டைச் சிரைக்குள் பொருத்தினார்கள். ஸ்டென்ட் தமனிக்கென வடிவமைக்கப்பட்டது. தமனி இதயத்திலிருந்து விலக விலகக் குறுகிச் செல்வதால் நழுவும் ஸ்டென்ட் எங்காவது சிக்கி நின்றுவிடும். கழுத்துச் சிரையோ இதயத்தை நெருங்க நெருங்க அகல்கிறது. அங்கே நழுவினால் நேரே இதயத்துக்குள்தான் போகும். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் ஒருவருக்கு அப்படியே நேர்ந்து, நெஞ்சைத் திறந்து அதை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொருவர் இரத்தம் உறையாமைக்கான மருந்தை உட்கொண்டிருந்த நிலையில் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். 2009 முடிவதற்குள் அங்கே அந்தப் பணி நிறுத்தப்பட்டது. கோஸ்டாரிகாவில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்ட கனேடியர் ஒருவர், அதில் இரத்தம் உறைந்து 2010இல் உயிரிழந்தார். 2012 மே மாதம் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மரணம், பக்கவாதம், ஸ்டென்ட் நழுவுதல், சிரைக் காயம் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி எச்சரிக்கை விடுத்தது.

திரும்பச் செய்தபோது

முதல் எண்ணிக்கை விரைவிலேயே ஆட்டம் கண்டது. அமெரிக்காவின் பஃபலோவில் ராபர்ட் ஸிவாடினோவின் குழு 499 பேரைச் சோதித்ததில், நோயாளிகளில் 56.1 சதவீதத்தினரிடமும் நலமானவர்களில் 22.7 சதவீதத்தினரிடமும் குறைபாடு இருந்தது. வேறு நரம்புநோய் உடையவர்களில் 42.3 சதவீதத்தினரிடமும் அது தென்பட்டது. அப்படியானால் அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு மட்டும் உரிய காரணமாக இருக்க முடியாது. 2010இல் பெர்லினில் 56 நோயாளிகளைச் சோதித்த குழு நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஸ்வீடனின் உமேயோவில் எம்.ஆர்.ஐ. கொண்டு இரத்த ஓட்டத்தை அளந்தவர்களும் காணவில்லை. ஒரே கேள்விக்கு ஊருக்கொரு விடை வருகிறது என்றால், அளவுகோலே நிலையாக இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இதைத் தீர்க்கவே இத்தாலியில் பல மையங்கள் சேர்ந்து பெரும் ஆய்வு ஒன்றை நடத்தின. பதிவுசெய்த படங்களை, யாருடையவை என்று அறியாத நிபுணர்கள் மையமாக மதிப்பிட்டார்கள். நோயாளிகளில் 3.26 சதவீதம், வேறு நரம்புநோய் உடையவர்களில் 3.10 சதவீதம், நலமானவர்களில் 2.13 சதவீதம் என்று முடிவு வந்தது. மூன்றுக்கும் இடையில் வேறுபாடு என்று சொல்ல எதுவும் இல்லை.

அல்ட்ராசவுண்டை நம்ப முடியாவிட்டால் சிரைக்குள்ளேயே சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்பது எஞ்சிய வழி. கனடாவில் அந்தோனி டிரபூல்சியின் தலைமையில் அதுவும் நடந்தது. 79 நோயாளிகள், அவர்களுடன் பிறந்த 55 பேர், உறவில்லாத நலமான 43 பேர் என 177 பேர் அதில் பங்கேற்றார்கள். நோயே இல்லாமல், உடன்பிறந்தவருக்காகத் தொடையில் குழாய் செலுத்திக்கொள்ள முன்வந்த அந்த 55 பேரை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். சிரை பாதிக்கு மேல் குறுகியிருந்தோர் நோயாளிகளில் 74 சதவீதம், உடன்பிறந்தவர்களில் 66 சதவீதம், மற்றவர்களில் 70 சதவீதம். அதாவது குறுகல் உண்மையில் இருக்கிறது, பெரும்பாலோரிடம் இருக்கிறது, மனிதக் கழுத்துச் சிரையின் இயல்பான வேறுபாடுகளில் அதுவும் ஒன்று. வெளிநாடு சென்று வந்த நோயாளிகள், ‘படத்தில் என் சிரை குறுகியிருப்பதை நானே பார்த்தேன்’ என்று சொன்னபோது அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் படத்திலும் அப்படியே இருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. 2013இல் வெளிவந்த இந்த முடிவோடு, சிரைக் குறுகலே நோய்க்குக் காரணம் என்ற கூற்று நிற்க இடமில்லாமல் போயிற்று.

பலூனைச் சோதித்தல்

காரணம் தவறானாலும் சிகிச்சை பயன்படுமோ என்ற கேள்வி மிஞ்சியது. அதற்கு விடை காண, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பலூனை ஊதி விரிக்கவும், மறுபாதிக்குக் குழாயைச் செலுத்திச் சாயப்படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். தனக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னால் அவரைச் சோதிக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் தெரியாது. பஃபலோவில் சிறிய அளவில் நடந்த முதல் ஆய்வு, பலன் இல்லை என்பதோடு, விரிக்கப்பட்டவர்களிடம் நோயின் வேகம் கூடியிருக்கக்கூடும் என்றும் எச்சரித்தது. கனடாவின் நான்கு மையங்களில் 104 பேர் பங்கேற்றார்கள். 49 பேருக்கு விரிப்பு, 55 பேருக்குப் பாவனை. 48 வாரங்களின் முடிவில், உடல்நலம் பற்றி நோயாளிகளே தந்த மதிப்பெண் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருந்தது, எம்.ஆர்.ஐ. படங்களிலும் வேறுபாடு இல்லை. 2017 மார்ச்சில் இதை அறிவித்தார்கள்.

அவ்வாண்டு நவம்பரில் சாம்போனியே தலைமையேற்று இத்தாலியின் ஆறு மையங்களில் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. விட்டுவிட்டு வரும் வகை நோயுடைய 115 பேரில் 76 பேருக்குச் சிரை விரிக்கப்பட்டது, 39 பேருக்குப் பாவனைச் சிகிச்சை. ஓராண்டுக்குப் பின் நடை, கை அசைவு, பார்வை முதலிய செயல்திறன்களில் முன்னேறியோர் விரிப்புக் குழுவில் 41.7 சதவீதம், பாவனைக் குழுவில் 48.7 சதவீதம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று கட்டுரை முடிந்தது. தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட கருதுகோளைத் தானே கடுமையான சோதனைக்கு உட்படுத்தி, தனக்கு எதிரான விடையை மழுப்பாமல் அச்சேற்றியது எளிய செயலன்று. அதற்குரிய மதிப்பை அவருக்குத் தர வேண்டும். ஆயினும் இந்த ஆய்வு 2009இலேயே சிகிச்சைக்கு முன்னால் வந்திருக்க வேண்டும் என்ற குறையும் நீங்காது.

பாவனைக் குழுவில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னேறினார்கள் என்பதை மறுபடி கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் கால் சூடு திரும்பிவிட்டது, தலைக்குள் மூட்டம் விலகிவிட்டது என்று காணொளிகளில் சொன்னது நாடகம் அன்று. நோயின் இயல்பான தணிவும், நம்பிக்கை தந்த தெம்பும் உண்மையாகவே உணரப்பட்டவை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணம், இப்படிச் சென்று வந்த 30 பேரைத் தொடர்ந்து சோதித்தபோது, அளவிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை.

சிரைக்கு எஞ்சிய இடம்

ரிண்ட்ஃபிளைஷ் 1863இல் கண்ட நாளம் பொய்யாகிவிடவில்லை. திட்டுகளின் நடுவே ஓடுவது மிக நுண்ணிய சிரைதான். ஆனால் அது அங்கே இருப்பதன் காரணம் வேறு. இரத்தத்தில் சுற்றிவரும் நோயெதிர்ப்பு அணுக்கள் நாளச் சுவரில் ஒட்டி, அதைத் துளைத்துத் திசுவுக்குள் இறங்குவது இந்த நுண்சிரைகளின் வழியாகத்தான். அந்த ஒட்டுதலைத் தடுக்கும் நட்டலிசுமாப் என்ற மருந்து, 2006இல் வெளியான ஆய்வில் தாக்குதல்களை 68 சதவீதம் குறைத்தது. கழுத்தில் இரத்தம் தேங்குவதோடு இதற்குத் தொடர்பில்லை. புற்றுநோய்க்காகக் கழுத்துச் சிரையையே வெட்டி நீக்கிக்கொண்டவர்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வருவதில்லை என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. நோயின் தொடக்கத்தைப் பற்றிய வலுவான தடயமும் வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளிலிருந்து 955 நோயாளிகளைக் கண்டறிந்த ஹார்வர்ட் குழு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதை 2022 ஜனவரியில் வெளியிட்டது.

நுண்சிரை இன்று நோயைக் கண்டறியும் பணியில் இடம்பிடித்திருக்கிறது. ஒற்றைத் தலைவலி, நெடுநாள் இரத்த அழுத்தம், முதுமை ஆகியவற்றாலும் மூளை எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். அவற்றைப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தவறாக முடிவுகட்டி, பல ஆண்டுகள் தேவையற்ற மருந்து கொடுத்த நேர்வுகள் உண்டு. இரத்தத்தின் காந்தத் தன்மையைப் பிடிக்கும் தனி வகை எம்.ஆர்.ஐ. படத்தில், வெள்ளைத் திட்டின் நடுவே சிரை மெல்லிய கருங்கோடாகத் தெரிகிறதா என்று பார்ப்பது இப்போதைய முறை. 2024இல் திருத்தப்பட்ட மெக்டொனால்ட் கண்டறிதல் விதிகள் இந்த நடுச்சிரை அடையாளத்தைத் துணைச் சான்றாகச் சேர்த்துக்கொண்டன; ஆறு திட்டுகளில் அந்தக் கோடு தெரிந்தால் அதைக் கணக்கில் கொள்ளலாம்.